பூஜ்யமா, வெற்றிடமா?

திண்டுக்கல் மாவட்டத்தில், பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கிறது கன்னிவாடி. ஐப்பசி மாதத்தில் மேகம் இறங்கிவிட்டால், மேலே ஆடலூர், பன்றிமலைப் பக்கம் ஒன்றுமே தெரியாது. சற்று நேரத்தில் மழை ஊருக்குள்ளும் வந்துவிடும்.

அந்த ஊரில் எங்கள் உறவினர் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி இருக்கிறாள். நேரான பக்கங்களை உடைய ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் மேற்பகுதியை வெட்டி, அதையே தலைகீழாகப் புனல்போல் பொருத்தி, அவள் ஒரு மழைமானி செய்திருந்தாள். நாள்தோறும் காலை எட்டரை மணிக்கு அதில் தேங்கிய நீரின் உயரத்தை அளவுகோலால் அளந்து நோட்டில் எழுதுவாள். பிறகு பாட்டிலைக் காலி செய்வாள். நம் நாட்டு வானிலைத் துறையும் காலை எட்டரை மணிக்குத்தான் முந்திய 24 மணி நேர மழையைக் கணக்கிடுகிறது என்பதைப் பள்ளியில் கேட்டறிந்து வைத்திருந்தாள்.

அவளுடைய நோட்டிலிருந்து பத்து நாள் கணக்கை நான் கணிப்பொறியில் ஏற்றினேன். ஒவ்வொரு நாளின் மழையும் மில்லிமீட்டரில் இப்படி இருந்தது: 12, 0, 0, 35, அடுத்த மூன்று நாட்களுக்கு ஒன்றும் எழுதவில்லை, பிறகு 8, 0, 20. வரைபடம் தயாரானது. அதைப் பார்த்தவுடன் அவள் கேட்டாள்:

"சார், அஞ்சு, ஆறு, ஏழாம் தேதி மழையே இல்லைன்னு காட்டுதே! அந்த மூணு நாளும்தான் தெருவுல முழங்கால் அளவு தண்ணி நின்னுச்சுன்னு அப்பா சொன்னாரு."

"நோட்டில் ஒன்றும் எழுதவில்லையே, அம்மா?"

"நான் தீபாவளிக்குப் பழனியில அம்மாச்சி வீட்டுக்குப் போயிட்டேன் சார். பசங்க வெடி வச்சு உடைச்சிருவாங்கன்னு பாட்டிலையும் உள்ள எடுத்து வச்சிட்டேன். மழை பெய்யலைன்னு நான் எழுதவே இல்லையே!"

உண்மைதான். அவள் எழுதவில்லை. எழுதியது நான். நோட்டில் கட்டம் காலியாக இருந்ததால் 0 என்று தட்டிவிட்டேன். ஊரில் அதிகமாக மழை பெய்த மூன்று நாட்களை ஒரு விரல் அசைவில் வறண்ட நாட்களாக்கிவிட்டேன்!

மாணவ நண்பர்களே, இது சிறிய தவறாகத் தோன்றலாம். ஆனால் உலகெங்கும் விஞ்ஞானிகளும் கணிப்பொறி வல்லுநர்களும் இந்தத் தவறுக்கு அஞ்சித்தான் பல விதிகளை வகுத்திருக்கிறார்கள். அவற்றைப் பற்றிப் பார்ப்போமா?

பூஜ்யம் என்பதும் ஓர் அளவே

தேர்வில் பூஜ்யம் வாங்கியவனும் தேர்வுக்கே வராதவனும் ஒன்றா? மதிப்பெண் பட்டியலில் முதலாமவனுக்கு 0 என்று எழுதுவார்கள். இரண்டாமவனுக்கு 'வரவில்லை' என்று குறிப்பார்கள். முதலாமவனின் விடைத்தாளை ஆசிரியர் பார்த்திருக்கிறார். இரண்டாமவனுக்கு விடைத்தாளே இல்லை.

மழைக்கும் அப்படித்தான். 0 மி.மீ. என்றால், 'பார்த்தேன், மழை இல்லை' என்று பொருள். காலிக் கட்டம் என்றால், 'பார்க்கவில்லை, ஆகவே தெரியாது' என்று பொருள்.

இரண்டையும் கலந்துவிட்டால் என்ன ஆகும்? நம் பத்து நாள் கணக்கில் எழுதிய எண்களின் கூட்டுத்தொகை 75. காலிக் கட்டங்களைப் பூஜ்யமாகக் கொண்டால் ஒரு நாள் சராசரி 75 ÷ 10 = 7.5 மி.மீ. அளந்த ஏழு நாட்களை மட்டும் கொண்டால் 75 ÷ 7 = 10.7 மி.மீ. ஒரே நோட்டு, இரண்டு விடைகள்! அளந்த நாட்களின் சராசரி 10.7 என்பது சரி. ஆனால் அது ஏழு நாட்களின் சராசரி என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மருந்துக் கடைக்காரரின் நான்காவது பத்தி

ஜெர்மனியில் டெஸ்ஸாவ் என்னும் ஊரில் ஹைன்ரிக் ஷ்வாபே என்ற மருந்துக் கடைக்காரர் இருந்தார். புதனுக்கும் உள்ளே ஒரு கோள் இருக்குமானால், அது சூரியனைக் கடக்கும்போது கறுப்புப் பொட்டாகத் தெரியுமல்லவா? அதைத் தேடி அவர் 1826 முதல் வெயில் அடித்த நாளெல்லாம் தொலைநோக்கி வழியே சூரியனைக் கவனித்து, கரும்புள்ளிகளைக் குறித்து வந்தார். கோள் கிடைக்கவில்லை. ஆனால் 1843 இறுதிவரை சேர்த்த குறிப்புகளைத் தொகுத்தபோது, புள்ளிகள் ஏறக்குறைய பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிக் குறைவதைக் கண்டார். சூரியப் புள்ளிச் சுழற்சி இப்படித்தான் தெரியவந்தது. அதன் சராசரிக் காலம் சுமார் 11 ஆண்டுகள் என்று பிறகு கணக்கிட்டார்கள்.

அவருடைய அட்டவணையில் நான்கு பத்திகள் இருந்தன: ஆண்டு, புள்ளிக் கூட்டங்களின் எண்ணிக்கை, புள்ளியே இல்லாத நாட்கள், கவனித்த நாட்கள். இந்த நான்காவது பத்தியின் அருமையைப் பாருங்கள்.

1833ஆம் ஆண்டில் அவர் 267 நாட்கள் கவனித்தார். 33 கூட்டங்களைக் கண்டார். 139 நாட்களில் புள்ளியே இல்லை. 1837இலோ 168 நாட்கள்தான் கவனிக்க முடிந்தது. ஆனால் 333 கூட்டங்களைக் கண்டார். புள்ளி இல்லாத நாள் ஒன்றுகூட இல்லை.

இப்போது நான்காவது பத்தி இல்லை என்றும், கவனிக்காத நாட்களை என்னைப்போல் ஒருவர் பூஜ்யமாக்கிவிட்டார் என்றும் வைத்துக்கொள்வோம். 1837இல் கவனிக்காத நாட்கள் 365 − 168 = 197. சூரியன் மிகவும் கொந்தளிப்பாக இருந்த அந்த ஆண்டில் 197 நாட்கள் புள்ளியே இல்லை என்று கணக்கு சொல்லும். உண்மையிலேயே அமைதியாக இருந்த 1833இன் 139ஐ விட இது அதிகம்! ஷ்வாபே கண்ட சுழற்சி அந்தக் கணக்கில் மங்கிப்போயிருக்கும்.

கோடைக்கானல் மேகங்கள்

இதே வேலை நம் பழனி மலையிலும் நடக்கிறது. 1876–78 பெரும் பஞ்சத்துக்குப் பிறகு, சூரியனின் மாற்றங்களுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி வலுத்தது. கோடைக்கானலில் சூரிய ஆய்வகம் தோன்ற அந்தக் கேள்வியும் ஒரு காரணம். 1899இல் நிறுவப்பட்ட அந்த ஆய்வகம், கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,340 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909இல் கண்டுபிடித்தது இங்கேதான். இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் பொறுப்பில் இப்போது இயங்குகிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இங்கே சூரியனை நாள்தோறும் படமெடுத்து வந்திருக்கிறார்கள். பழைய படத்தகடுகளைக் கணிப்பொறிக்கு ஏற்ற எண் வடிவில் மாற்றியும் இருக்கிறார்கள். 1921 முதல் 2011 வரையிலான வெள்ளொளிப் படங்கள் அப்படி மாற்றப்பட்டு ஆராயப்பட்டுள்ளன.

'நாள்தோறும்' என்று சொன்னேன். ஆனால் மலையில் மேகம் மூடினால்? அன்று படம் இல்லை. அதற்காக அன்று சூரியனில் புள்ளி இல்லை என்று எழுதலாமா? கூடாது. ஏனெனில் புள்ளி இல்லாத நாட்கள் உண்மையிலேயே உண்டு. 2008ஆம் ஆண்டில் மட்டும் 260 நாட்களுக்கு மேல் சூரியன் புள்ளியின்றி இருந்தது. அது சூரியனைப் பற்றிய செய்தி. மேகம் மூடியது கோடைக்கானல் வானத்தைப் பற்றிய செய்தி. ஒன்றை மற்றொன்றாக எழுதக்கூடாது அல்லவா?

இந்தத் தவறு பெரியவர்களுக்கும் நேரும். 1645 முதல் 1715 வரை சூரியனில் புள்ளிகள் மிகவும் அரிதாக இருந்தன. அக்காலத்தைப் பற்றி 1998இல் வெளியான ஒரு பெரும் தொகுப்பில், 'இத்தனை ஆண்டுகளாகப் புள்ளி காணவில்லை' என்ற பொதுவான பழைய வாசகங்களைக் கொண்டு நீண்ட வரிசைகள் பூஜ்யத்தால் நிரப்பப்பட்டிருந்தன. 2016இல் வந்த திருத்தத் தொகுப்பில் அத்தகைய பூஜ்யங்களை நீக்கினார்கள். புள்ளிகள் குறைந்திருந்தது உண்மை. ஆனால் எத்தனை நாட்கள் பார்த்து அறிந்தோம் என்பது வேறு கேள்வி.

கணிப்பொறியில் வெற்றிடம்

இனி கணிப்பொறிக்குள் செல்வோம். பெருந்தொகையான தகவல்களை அட்டவணைகளாக அடுக்கிவைக்கும் ஏற்பாட்டைத் தகவல் தளம் என்கிறோம். அட்டவணை முறைக்கு 1970இல் அடித்தளம் இட்டவர் எட்கர் காட். அந்தத் தளத்திடம் கேள்வி கேட்க எஸ்.க்யூ.எல். என்னும் மொழி பயன்படுகிறது.

கட்டத்தில் மதிப்பு இல்லை என்றால் அங்கே ஒரு தனிக் குறி வைக்கப்படும். அதை 'நல்' என்று உச்சரிப்பார்கள். நம் 'நல்ல' என்ற சொல்லோடு அதற்கு உறவில்லை! நாம் அதை இன்மைக் குறி என்போம். அது பூஜ்யமும் அல்ல, வெற்று எழுத்தும் அல்ல.

இக்குறி விந்தையானது. 'அன்று மழை 10 மி.மீ.க்குக் குறைவா?' என்று கேட்டால், ஆம் என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது, 'தெரியாது' என்னும். நம் நோட்டில் சோதிப்போம். 10க்குக் குறைவான நாட்களைக் கேட்டால் நான்கு கிடைக்கும். 10 அல்லது அதற்கு மேற்பட்ட நாட்களைக் கேட்டால் மூன்று கிடைக்கும். மொத்தம் ஏழு. பத்து நாட்களில் மீதி மூன்று எங்கே? இரண்டு பட்டியலிலும் இல்லை. அவற்றைக் காண, 'மதிப்பே இல்லாத நாட்கள் எவை?' என்று தனியாகக் கேட்க வேண்டும். கேட்க மறந்தவர் அந்த நாட்களையும் மறந்துவிடுவார்.

சராசரி கேட்டால் தளம் இன்மைக் குறிகளை விட்டுவிட்டு ஏழால் வகுக்கும், 10.7 என்று சரியாகச் சொல்லும். ஆனால் ஏழால் வகுத்தேன் என்று தானாகச் சொல்லாது. ஷ்வாபேயின் நான்காவது பத்தியை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

எழுதி அனுப்பும் இடத்தில் ஆபத்து

தகவல் ஒரே கணிப்பொறியில் தங்குவதில்லை. கோடைக்கானலிலிருந்து பெங்களூருக்கோ வேறு நாட்டுக்கோ போக வேண்டும். அதற்கு எல்லாக் கணிப்பொறிகளும் புரிந்துகொள்ளும் ஓர் எழுத்து முறை தேவை. அத்தகைய முறைகளுள் ஒன்று எக்ஸ்.எம்.எல்.; 1998 பிப்ரவரியில் இதற்கான தரம் வெளியானது. ஒவ்வொரு மதிப்புக்கும் முன்னும் பின்னும் பெயர்ச்சீட்டு ஒட்டுவதே இதன் முறை. சீட்டின் பெயரைத் தமிழிலேயே எழுதலாம்:

<நாள்><தேதி>4</தேதி><மழை>35</மழை></நாள்>

நான்காம் தேதிக்குச் சிக்கல் இல்லை. ஐந்தாம் தேதிக்கு எப்படி எழுதுவது? மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, மழைச் சீட்டையே விட்டுவிடுவது:

<நாள்><தேதி>5</தேதி></நாள்>

பல தகவல் தளங்கள் வேறு கட்டளை இல்லாவிட்டால் இப்படித்தான் எழுதித் தரும். இடம் மிச்சம். ஆனால் படிப்பவர் குழம்புவார். அளக்கவில்லையா? அந்த ஊரில் மழைமானியே இல்லையா? அனுப்பியவர் மறந்துவிட்டாரா? வரிசையாக மழைச் சீட்டுகளை மட்டும் எண்ணிப் படிக்கும் கணிப்பொறியானால் இன்னும் மோசம். எட்டாம் தேதியின் 8 மி.மீ. ஐந்தாம் தேதிக்கு நகர்ந்துவிடும்!

இரண்டாம் வழி, வெறும் சீட்டை ஒட்டுவது:

<நாள்><தேதி>5</தேதி><மழை></மழை></நாள்>

இடம் காக்கப்பட்டது. ஆனால் உள்ளே ஒன்றும் இல்லை. படிக்கும் கணிப்பொறி எண்ணை எதிர்பார்த்தால், 'பிழை' என்று நின்றுவிடலாம். அல்லது என்னைப்போல் 0 என்று எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது நடந்தால் யாருக்கும் தெரியாது.

மூன்றாம் வழி, 'இங்கே மதிப்பு இல்லை' என்று வெளிப்படையாகச் சொல்வது:

<நாள்><தேதி>5</தேதி><மழை இன்மை="ஆம்"></மழை></நாள்>

புரிவதற்காக நான் தமிழில் எழுதினேன். 2001இல் வந்த தரம் இதற்கென்றே ஒரு பொதுக் குறியை வகுத்தது. அதன் பெயர் 'நில்'! லத்தீன் மொழியில் 'ஒன்றுமில்லை' என்று பொருள். தமிழ்ப் பொருளில் படித்தாலும் பொருத்தம்தான்: நில், இங்கே எண் இல்லை. தகவல் தளத்திடம் கேட்கும்போதே, இன்மை வரும் இடங்களில் இந்தக் குறியை இட்டுத் தா என்று சொல்லிவிடலாம்.

இன்னொரு பொறியும் உண்டு. சீட்டையும் மதிப்பையும் எழுத்து எழுத்தாக ஒட்டி ஒரே வரியாக்குவதாகக் கொள்வோம். எஸ்.க்யூ.எல். விதிப்படி, ஒட்டும் துண்டுகளில் ஒன்று இன்மைக் குறியானால் முழு வரியும் இன்மையாகிவிடும். மழை தெரியாத ஒரே காரணத்தால் அந்த நாளின் தேதியும் சேர்ந்து மறைந்துவிடும். தெரியாததோடு தெரிந்ததும் போயிற்று!

வானியலாளர்கள் தங்கள் அட்டவணைகளைப் பரிமாற எக்ஸ்.எம்.எல். முறையிலேயே 'வி.ஓ.டேபிள்' என்ற வடிவை 2002இல் உருவாக்கினார்கள். அதைப் படித்து வரைபடம் போடும் மென்பொருளை உருவாக்கியதில் நம் நாட்டுக்கும், குறிப்பாகப் புனேயில் உள்ள வானியல் மையத்துக்கும் பங்கு உண்டு. அந்த வடிவில் முழு எண்களுக்கான பத்தியின் தலைப்பிலேயே, 'இந்த எண் வந்தால் மதிப்பு இல்லை என்று கொள்க' என்று அறிவிக்க இடம் வைத்தார்கள். காலிக் கட்டமே இன்மையைக் குறிக்கலாம் என்ற விதி 2013இல் வந்த பதிப்பில் சேர்ந்தது. ஒரு வெற்றிடத்துக்கு எத்தனை யோசனை பாருங்கள்!

மைனஸ் மழை

சிலர் வெற்றிடத்துக்கு −999 என்று எழுதுவது உண்டு. இதில் தவறில்லை, ஆனால் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். அறியாதவர் நம் பத்து நாள் கணக்கைக் கூட்டினால், 75 − 2,997 = −2,922. சராசரி −292.2 மி.மீ.! வானத்துக்கே மழை ஏறிப் போயிருக்க வேண்டும்.

இதில் ஒரு நன்மையும் உண்டு. இந்த அபத்தம் உடனே கண்ணில் படுகிறது. பூஜ்யமோ நல்ல பிள்ளைபோல் வரிசையில் உட்கார்ந்துகொள்ளும். ஆகவே குறியாக வைக்கும் எண், உண்மையில் வரவே முடியாததாக இருக்க வேண்டும். உலக நாடுகளின் சூரியப் புள்ளிக் கணக்கைத் தொகுக்கும் பிரஸ்ஸல்ஸ் நிலையம், 1818 முதலான தன் தினசரிப் பட்டியலில் மதிப்பு இல்லாத நாளுக்கு −1 என்று இடுகிறது. புள்ளிகள் −1 ஆக இருக்க முடியாது. இதையே வெப்பநிலைக்கு வைக்கலாமா? பனிப் பிரதேசத்தில் −1 டிகிரி சாதாரணம். அங்கே அது குறி ஆகாது.

நிரப்பலாமா?

வெற்றிடத்தை நிரப்பவே கூடாதா? நிரப்பலாம், தக்க சான்று இருந்தால். கோடைக்கானலில் மேகம் மூடிய நாளில் வேறொரு நாட்டு ஆய்வகத்தில் வானம் தெளிவாக இருந்திருக்கலாம். சூரியன் ஒன்றே, ஆகவே அங்கே எடுத்த படம் இங்கே உதவும். இப்படிப் பல ஆய்வகங்களின் படங்களைச் சேர்த்து நீண்ட வரிசைகளை ஆக்கியிருக்கிறார்கள். ஆனால் எந்த மதிப்பு எங்கிருந்து வந்தது என்று பக்கத்தில் குறித்திருக்க வேண்டும்.

மழைக்கு இந்த வசதி குறைவு. மலையடிவாரத்தில் ஓர் ஊரில் கொட்டும். அடுத்த ஊரில் தூறலோடு நிற்கும். பக்கத்து ஊர் அளவை அப்படியே எடுத்து எழுத முடியாது.

'ஒரு சிறுமியின் நோட்டுக்கு இவ்வளவா?' என்று கேட்பீர்கள். பெரிய கணக்குகள் எல்லாம் சிறிய நோட்டுகளிலிருந்து சேர்ந்தவையே. ஓர் ஊரில் எவ்வளவு மழை பெய்தது என்பதைப் பார்த்துத்தான் குளம் நிரம்புமா, எதை விதைப்பது, வறட்சியா இல்லையா என்று முடிவு செய்கிறோம். அளக்காத நாளெல்லாம் பூஜ்யமானால், நனைந்த ஊர் காகிதத்தில் வறண்டுவிடும். அளக்காத நாட்களைச் சொல்லாமல் விட்டுவிட்டால், எவ்வளவு நம்பலாம் என்பதே தெரியாது.

அன்று நாங்கள் கணக்கைத் திருத்தினோம். மூன்று பூஜ்யங்களையும் அழித்தோம். வரைபடத்தில் நான்காம் தேதிக்கும் எட்டாம் தேதிக்கும் இடையே கோடு அறுந்து நின்றது. "இப்படி இருந்தா அசிங்கமா இல்லையா சார்?" என்றாள். உண்மை எங்கே தெரியவில்லையோ அங்கே கோடும் இருக்கக்கூடாது என்றேன். அவள் நோட்டை வாங்கி, காலிக் கட்டங்கள் மூன்றிலும் ஒரு சொல் எழுதினாள்: 'அளக்கவில்லை'. கீழே, 'அப்பா சொன்னது: கன மழை' என்றும் சேர்த்தாள். என் கணிப்பொறி வேலையை விட அது நல்ல வேலை.

நீங்களும் செய்து பாருங்கள்

மழைமானி ஒன்று செய்து ஒரு மாதம் அளந்து வாருங்கள். நோட்டில் மூன்று பத்திகள் இருக்கட்டும்: தேதி, மழை, குறிப்பு. மழை இல்லாவிட்டால் 0 என்று தவறாமல் எழுதுங்கள். அளக்காவிட்டால் 'அளக்கவில்லை' என்று எழுதி, காரணத்தையும் குறியுங்கள். மாத இறுதியில் அளந்த நாட்கள் எத்தனை, அவற்றில் மழை இல்லாத நாட்கள் எத்தனை என்று தனித்தனியே எண்ணுங்கள். பிறகு சராசரியை இரண்டு விதமாகவும் கணக்கிட்டு, எவ்வளவு வேறுபாடு வருகிறது என்று பாருங்கள். எந்தக் கட்டத்தையும் மட்டும் காலியாக விடாதீர்கள். உங்கள் நோட்டைப் பார்த்துத் தட்டச்சு செய்பவர் என்னைப் போன்றவராகவும் இருக்கலாம்!